அண்ணனுக்கான கட்டம்

ஜூன் 4

சின்னுவுக்கு,

நான் இங்கே வந்து இரண்டு வாரமாகிறது. இதுதான் முதல் படகு, அதனால் இதுதான் முதல் கடிதம். தீவில் அலைபேசிக் கோபுரம் கிடையாது. அலுவலக ரேடியோவில் காற்று, மழை, அழுத்தம் தவிர வேறு எதைப் பேசினாலும் மெமோ வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற படகுதான் இனி நம் தபால்காரர்.

வானிலை நிலையத்தில் என்னையும் சேர்த்து மூன்று பேர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய், வெள்ளைப் பலகைப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற வெப்பமானிகளைப் பார்த்து எழுத வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு பலூனில் வாயு நிரப்பி மேலே விட வேண்டும். கேட்கும்போது பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் இந்தப் பத்து மாதத்தை முடித்தால்தான் முன்னறிவிப்புப் பிரிவில் எனக்கு இடம். பதினோரு வருடமாக ஆண்களை மட்டும்தான் இங்கே அனுப்பினார்கள். "அங்க பாத்ரூம் வசதி சரியில்லம்மா" என்று அதிகாரி இழுத்ததும், "அப்போ ஆம்பளைங்களுக்கு மட்டும் எப்படி சார் சரியா இருக்கு?" என்று நான் கேட்டதும் உனக்குத் தெரிந்த கதைதான். பாத்ரூம் நன்றாகவே இருக்கிறது.

உன் அண்ணனை நம்பி வீட்டை விட்டு வந்திருக்கிறேன். நம்பி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சமையலறைக் கதவில் நான் ஒட்டிய தாள் இருக்கிறதா? பதினான்கு வேலை, இரண்டு கட்டம். ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு. செய்தவர் தன் கட்டத்தில் டிக் போட்டு நேரமும் எழுத வேண்டும். செய்யாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். ஞாயிறுதோறும் தாளைக் கழற்றி எனக்கு அனுப்பு. சிரிக்காதே. வீட்டு வேலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. எழுதி வைத்தால்தான் தெரியும். நாத்தனாரை வேலைக்காரியாக்கிவிட்டுப் போனாள் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

செராமிக் படிப்புக்கு விண்ணப்பித்தாயே, பதில் வந்ததா? வந்ததும் எழுது. அம்மா கொடுத்தாள் என்று வாலுவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடு. தலை பின்ன அடம் பிடித்தால் கதை சொல்லிக்கொண்டே பின்னு.

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வானத்துக்கு மெமோ கொடுக்கிற காட்சியை நினைத்து லேபில் தனியாகச் சிரித்தேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பல்செட் செய்கிற இடத்தில் சிரித்தால் தப்பா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

தாள்கள் இத்துடன் இருக்கின்றன. அண்ணனுக்கான கட்டம் நிறைந்து வழிவதைப் பாருங்கள். உங்கள் கணவர் திருந்திவிட்டார்! செவ்வாய்க்கிழமை முட்டை பொரித்தான். ஓட்டோடு பொரித்தானோ என்னவோ, வாலு மென்றுவிட்டு, "அப்பா, இதுல கடக்முடக்குனு என்ன?" என்று கேட்டாள். "கால்சியம்மா" என்றான். கணக்கு வாத்தியாருக்குச் சமாளிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

படிப்புக்குப் பதில் இன்னும் வரவில்லை. நாற்பது பேர் எழுதினோம், எடுப்பது ஆறு பேர். எங்கள் லேபில் ஒன்பது வருடமாக மெழுகும் மாவு அச்சும் பெண்களுக்கு, செராமிக் ஆண்களுக்கு. பொடியைக் குழைத்து, அடுக்கடுக்காக வைத்து, சின்ன அடுப்பில் சுட்டு எடுத்தால், பக்கத்துப் பல்லுக்கே எது புதுசு என்று தெரியாத மாதிரி ஒரு பல் பிறக்கும். அந்த அடுப்புப் பக்கம் போனாலே சூப்பர்வைசர், "உங்களுக்கெல்லாம் மெழுகு வேலைதாம்மா சரி, பொறுமையான கை" என்பார். பொறுமையான கையால் அவரை ஒரு நாள் கிள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் படிப்பு வேறு ஊரில், ஒன்பது மாதம். கிடைத்தால் அப்போது பார்க்கலாம். நீங்கள் இங்கே எதற்கும் கவலைப்பட வேண்டாம். வீடு சரியாக ஓடுகிறது. வாலு நலம், நான் நலம்.

சின்னு


ஜூன் 18

சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். "கால்சியம்மா" கதையை இங்கே சமையல் செய்கிற சக அலுவலரிடம் சொன்னேன், அவர் அதிலிருந்து என்ன கருகினாலும் கால்சியம் என்கிறார்.

தாள்களைப் பார்த்தேன். இங்கே வேலை அதிகம், அதனால் ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. எல்லாம் சரியாகவே இருக்கிறது.

இன்றைக்குப் பலூனை நான் தனியாக விட்டேன். காற்று பலமாக இருந்தால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒருத்தியால் முடியாது என்று மற்ற இருவரும் கதவருகே தயாராக நின்றார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று, ஒரு நொடி காற்று அடங்கியதும் கையை விட்டேன். அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருக்கும் என்று முப்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது. சத்தம் போட்டுச் சிரித்தேன். கதவருகே நின்ற இருவரும் பயந்துவிட்டார்கள்.

நீயும் போக வேண்டும், சின்னு. பெண் தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் வரை அவளுக்குத் தன்னைத் தெரியாது. இதைத்தான் பெண்ணியம் பெண்ணியம் என்று நான் உன் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். பதில் வந்ததும் மறுநாளே எழுது.

அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சிரித்ததைப் படித்ததும் எனக்கும் ஏதோ செய்தது. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இங்கே இருந்தபோது ஏதாவது ஒரு அவசரத்தில்தான் சிரிப்பீர்கள்.

ஒரு பெரிய செய்தி. உங்கள் கணவர் புகழ் பெற்றுவிட்டார். வெள்ளிக்கிழமை 20ஆம் தேதி பள்ளியில் பெற்றோர் கூட்டம். நாலு மணிக்கு ஆரம்பித்து ஏழரை வரை இழுத்தார்கள். வாலுவுக்காக நான் போய், அவளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஐந்து மணி வாக்கில் தலைமையாசிரியை திடீரென்று அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டு, "மனைவியைத் தீவுக்கு வேலைக்கு அனுப்பிட்டு வீட்டைப் பாத்துக்கிறவர் நம்ம சார்" என்றார். அண்ணனும் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டான். "பெண்ணியம், சமத்துவம்லாம் பாடப் புத்தகத்துல இல்ல, சமையலறையில ஆரம்பிக்கணும்" என்றான். ஒரே கைதட்டல். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் தோளில் தட்டி, "உங்கண்ணன் மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார். "ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வாலு, "அத்தை, பெண்ணியம்னா என்ன? அப்பா மேடையில சொன்னாரே" என்று கேட்டாள். அப்பாவையே கேள் என்று அனுப்பினேன். அவன் அதற்குள் தூங்கிவிட்டான். மேடையில் பேசிய களைப்பு.

லேபில் இரண்டு நாள் தாமதமாகப் போனதற்கு சூப்பர்வைசர் சத்தம் போட்டார். லேசாகச் சளி. மற்றபடி எல்லாம் வழக்கம் போல. தாள்கள் இத்துடன் உள்ளன.

சின்னு


ஜூலை 2

சின்னு,

20ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு உன் அண்ணன் மேடையில் சமத்துவம் பேசிக்கொண்டிருந்தார். அதே ஐந்து மணிக்கு, நீ அனுப்பிய தாளின்படி, வீட்டில் துணி மடித்துக்கொண்டும் இருந்தார். ஐந்தரைக்கு வாலுவைக் குளிப்பாட்டவும் செய்திருக்கிறார். வாலுவோ மூன்றாவது வரிசையில் உன் மடியில் இருந்தாள்.

எங்கள் துறையில் ஒரு பதிவேட்டைப் பார்த்தாலே போதும். ஆள் வெளியே போய்ப் பார்த்து எழுதினானா, கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதினானா என்று சொல்லிவிடலாம். நிஜமான அளவு கோணல்மாணலாக இருக்கும். ஒரு நாள் எகிறும், ஒரு நாள் விட்டுப்போகும். கட்டிலில் எழுதியது அழகாக இருக்கும். அளவைத் தவறவிட்டால் எங்களுக்கு மன்னிப்பு உண்டு. ஊகித்து எழுதினால் வேலை போகும்.

மறைக்காமல் சொல். அண்ணனுக்கான கட்டத்தில் இருக்கிற டிக்குகளில் எத்தனை உன்னுடையவை? படிப்புக்குப் பதில் வந்ததா இல்லையா? இந்தக் கடிதத்தில் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை?

அண்ணி


ஜூலை 11

அண்ணி,

எல்லாமே என்னுடையவை. முதல் நாள் அவன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினான். அது ஒன்றுதான் அவன் போட்டது. முட்டை பொரித்த கதையும் நான் கட்டியது. அவன் அடுப்புப் பக்கமே வரவில்லை.

இப்போது திருப்தியா? நீங்கள் என்னைப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் வெப்பமானியைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்த்துவிட்டீர்கள். வேலை போகும் என்கிறீர்கள். எந்த வேலை அண்ணி போகும்? போனால் நல்லதுதானே?

அண்ணன் கெட்டவன் இல்லை, உங்களுக்கே தெரியும். முதல் வாரம் அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். "இதோ வரேன்டா" என்றான். அவன் வருவதற்குள் நேரம் ஓடிப்போகும், வாலுவுக்குப் பசிக்கும். அவனோடு மல்லுக்கு நிற்பதைவிட நானே செய்துவிடுவது சுலபமாக இருந்தது. பிறகு காலிக் கட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கு அங்கே வேலை ஓடாது என்று டிக் போட்டேன். அவன் அந்தத் தாளைப் பார்த்தான். ஒரு நாள், "பரவாயில்லையே, நான் இவ்வளவு செய்றேனா?" என்று கேட்டுச் சிரித்தான். விளையாட்டுக்குத்தான். ஆனால் மேடையில் பேசும்போது அவன் விளையாடவில்லை அண்ணி. நிஜமாகவே நம்பித்தான் பேசினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெண்ணியத்தை நீங்கள் எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை எனக்கு எப்போதும் பெரிய சைஸ் சட்டை மாதிரி தொளதொளவென்றுதான் இருந்தது. உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது அது. நீங்கள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் படகு ஏறினீர்கள். தாள் அதுவாகச் சமைக்குமா?

படிப்புக்குப் பதில் வந்துவிட்டது. ஜூன் 19ஆம் தேதியே வந்துவிட்டது. ஆறு பேரில் நான் இருக்கிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதி சேர வேண்டும், ஜூலை 25க்குள் சம்மதம் போய்ச் சேர வேண்டும். முடியாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு லேபுக்கும் வீட்டுக்கும் போய்வருகிறேன். தபால்பெட்டி லேப் வாசலிலேயே இருக்கிறது. ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், வாலு எழுந்துவிட்டாள். அப்படியே அனுப்புகிறேன்.

சின்னு


ஜூலை 16

என் சின்னு,

படகு மதியம் திரும்பிவிடும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலு நாள். அதற்குப் பிறகு உனக்கு ஐந்து நாள் மிஞ்சும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எனக்கு முன்பே தெரியும். நீ முதலில் அனுப்பிய தாள்களிலேயே, ஜூன் 18 அன்றே தெரிந்துவிட்டது. பதினான்கு நாளில் ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் ஒரே சாய்வில் டிக்குகள். உன் அண்ணன் பல் தேய்ப்பதையே ஒழுங்காகத் தினமும் செய்கிற ஆள் இல்லை. பார்த்தேன், மடித்தேன், பதிவேட்டுக்கு அடியில் வைத்தேன். உனக்கு "ஒருமுறைதான் பார்க்க முடிந்தது" என்று எழுதினேன். அது பொய் இல்லை. இரண்டாவது முறை பார்க்க நான் துணியவில்லை.

ஏனென்றால், தெரிந்துகொண்டால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். திரும்பி வருவது தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் திரும்பி வரப் பிடிக்கவில்லை, சின்னு. இதை ஒரு அம்மா, ஒரு மனைவி எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். இங்கே நான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வேலை செய்கிறேன். நடுவில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நிம்மதியை விட மனம் வராமல் உன் கையெழுத்தை உன் அண்ணன் கையெழுத்து என்று நம்புவதாக எனக்கு நானே நடித்தேன். அந்த மேடைப் பேச்சு மட்டும் உன் கடிதத்தில் வராமலிருந்தால் இன்னும் நடித்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகு, எதுவும் தெரியாதவள் மாதிரி உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டேன். என்னை மன்னித்துவிடு.

கல்லூரி நாளிலிருந்து என்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்கிறேன். யாருக்கும் அடங்கி நிற்க மாட்டேன் என்பதுதான் அதற்கு நான் வைத்திருந்த அர்த்தம். அதிகாரியிடம் நின்று பேசினேன், உன் அண்ணனிடம் நின்று பேசினேன், என் அப்பாவிடமே நின்று பேசினேன். நான் நிமிர்ந்து நிற்கிற இடம் யாருடைய முதுகு என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. மேலே இருப்பவனை எதிர்ப்பதற்குத் தைரியம் போதும். கீழே பார்ப்பதற்கு வேறு என்னவோ வேண்டியிருக்கிறது. அது என்னிடம் இல்லை. இப்போதுதான் தேடுகிறேன்.

உன் அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நான் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்ததை எழுதியிருக்கிறேன். உன் படிப்பைப் பற்றியும் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு என்றால் அதற்கும் திட்டு.

போ என்று உனக்கு உத்தரவு போட மாட்டேன். இத்தனை நாள் போட்டது போதும். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த படகில் வரட்டுமா? இதைக் கேள்வியாகத்தான் கேட்கிறேன், முடிவு செய்துவிட்டுக் கேட்கவில்லை. வா என்றால் வருவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வருவேன்.

பையில் இருக்கிற உறையை இன்னும் ஐந்து நாள் மட்டும் போடாமல் வைத்திரு.

அண்ணி


ஜூலை 30

சின்னு,

இந்தப் படகில் உன் கடிதம் இல்லை. மூட்டையை நானே கவிழ்த்து இரண்டு முறை தேடினேன். படகுக்காரர், "உள்ள இருந்தாத்தானே வரும், மேடம்?" என்று தபால் மூட்டையை உதறிக் காட்டினார்.

உன் அண்ணனிடமிருந்து ஒரு தாள் வந்தது. மூன்றே வரி. "படித்தேன். வெட்கமாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்." பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர் மூன்று வரியில் நிறுத்தியிருக்கிறார். நீ என்ன செய்தாய் என்று அதில் இல்லை.

25ஆம் தேதி போய்விட்டது. நீ வீட்டில் இருக்கிறாயா, அங்கே போய்விட்டாயா என்று தெரியாமல் எந்த முகவரி எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு முகவரியே எழுதுகிறேன். அங்கிருந்தால் நீ படி. இல்லையென்றால் உன் அண்ணன் திருப்பி அனுப்பட்டும்.

என் மேல் கோபம் என்றால் கோபம் என்று மட்டுமாவது எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணி,

மேலே இருக்கிற முகவரியைப் பாருங்கள். பயிற்சி நிலைய விடுதி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். சண்டை போட்டு வாங்கினேன்.

உங்கள் கடிதம் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது, இரண்டு உறையும் ஒன்றாக. கூரியர்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன், ஊருக்கு வந்திருந்த உங்கள் படகுக்காரரே நேரில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்ததை நான் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். வேறு எங்கே படிப்பது? வெளியே வந்தால் அண்ணன் சமையலறையில், அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

சண்டை போடுவான் என்று நினைத்தேன். நானும் தயாராக இருந்தேன். அவன் திரும்பாமலே கேட்டான்:

"நான் மேடையில பேசினப்ப நீ என்ன பண்ணினே?"

"கை தட்டினேன்."

"ஏன்டா தட்டினே?"

"எல்லாரும் தட்டினாங்க."

தாளில் ஒரு டிக்கை விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு, "ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்ல?" என்றான்.

"கூப்பிட்டாத்தான் வருவியா அண்ணா? உன் வீடுதானே இது?"

அவனிடம் இப்படி நான் பேசியதே இல்லை. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு, "பசங்களுக்கு நூறு தடவை சொல்வேன், விடையை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, வழிமுறை எங்கேனு" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாலு வந்து, "அப்பா தப்பு பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். "ஆமா" என்று அவனே சொன்னான்.

நீங்கள் வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வரக்கூடாது. நீங்கள் வந்தால் நான் போகலாம்தான். ஆனால் நீங்கள் இறங்கி நான் ஏறினால், நடுவில் அவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். வேண்டாம். நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்த இடத்தில் இருங்கள்.

மறுநாளே பழைய உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு சம்மதம் என்று தந்தி மாதிரி இரண்டு வரி எழுதினேன். சாதாரணத் தபாலை நம்பாமல் விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்பினேன். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனிடம் வீட்டை ஒப்படைத்தேன். மூன்று தடவை அழ வைத்தான், ஒரு தடவை அவனும் அழுதான். வாலுவின் தலையைப் பின்னத் தெரியாமல் கடைசியில், "முடியை வெட்டிக்கலாமாடா?" என்று அவளிடமே கேட்டான். அவள் சரி என்றாள். இப்போது உங்கள் மகள் கிராப்புத் தலையோடு திரிகிறாள். கோபப்படாதீர்கள், அவளுக்கு அது ரொம்ப அழகாக இருக்கிறது.

இங்கே முதல் நாளே அந்தச் சின்ன அடுப்பைத் திறந்து காட்டினார்கள். இன்றைக்கு என் முதல் பல்லைச் சுட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. எந்த வாய்க்கும் பொருந்தாது. எனக்கு அதைக் கீழே வைக்கவே மனமில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். அதனால்தான் முந்தைய படகுக்கும் எழுதவில்லை.

உங்களுக்காக டிக் போட்டேன், அண்ணனுக்காக மறைத்தேன் என்றேன். அது பாதிதான். அம்மா அப்பா போன பிறகு பதினாறு வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் ஒரு நாள்கூட என்னைப் பாரமாகப் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாத்திரம் விளக்கினால் இன்றைக்கு இருக்கலாம், துணி மடித்தால் நாளைக்கும் இருக்கலாம். நீங்கள் தீவுக்குக் கிளம்பியபோது எனக்குக் கவலை இல்லை, சந்தோஷம். இனி நான் இல்லாமல் இந்த வீடு நடக்காது என்று நினைத்தேன். அண்ணன் வேலை செய்யாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது அண்ணி. அவனை நான் நிஜமாகக் கூப்பிடவே இல்லை. இரண்டு தடவை சொன்னேன் என்று எழுதினேனே, இரண்டு தடவையும் மெதுவாகத்தான் சொன்னேன்.

பஸ் கிளம்பும்போது வாலு அழுதாள். அண்ணன் அவளைத் தூக்கித் தோளில் போட்டான், பஸ் திரும்புவதற்குள் அழுகை நின்றுவிட்டது. நான் பார்த்தேன். நல்லதுதானே? ஆனால் எனக்குப் பகீரென்றது. ஒன்பது மாதத்தில் அந்த வீடு நான் இல்லாமல் நடக்கப் பழகிவிடும். அதன் பிறகு அங்கே திரும்பி வருகிற நான் யார்? சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், யாரையும் குளிப்பாட்ட வேண்டாம். சும்மா வந்து உட்கார்ந்தால் உங்களுக்கெல்லாம் நான் எதற்கு?

பதில் எழுதுங்கள். எனக்காக இனிப்பாக எழுத வேண்டாம், உள்ளதை எழுதுங்கள்.

சின்னு


ஆகஸ்ட் 13

என் சின்னு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்பது மணி அளவை எடுக்க மறந்துவிட்டேன். பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. மெமோ வரும், வரட்டும்.

பதினொரு வருடமாக ஒரே வீட்டில் இருந்தோம். நீ பாத்திரம் விளக்கும்போதெல்லாம், "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். உள்ளே உனக்கு அப்படி ஒரு கணக்கு ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாராட்டியதெல்லாம் உன் வேலையைத்தான். நீ சும்மா இருந்தபோது உன்னைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நீ சும்மா இருந்ததே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

வாலுவின் தலைமுடியை வெட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான். உன் அண்ணன் இந்தப் படகில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். சோறு குழைந்தது, துணியில் சாயம் ஏறியது, பள்ளிக்கு இரண்டு நாள் தாமதம். தலைமையாசிரியையிடம் போய், மேடையில் சொன்னதெல்லாம் தன் தங்கை செய்த வேலை என்று சொல்லிவிட்டாராம். அவர் சொன்னாராம், "பரவாயில்ல சார், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று. அதற்கும் பாராட்டா என்று தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

உள்ளதை எழுதச் சொன்னாய். உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

தீவுக்குப் படகு ஏறுவதற்கு முன் துறைமுக அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்பார்கள். இங்கே நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். ஒரே ஒரு பெயர்தான். நான் உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் நாத்தனார் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு எழுத்தர் நிமிர்ந்தார். "ஹஸ்பண்ட் இருக்காருல்ல மேடம்?" என்றார். "இருக்காருங்க" என்றேன். "அப்போ மாத்திடலாமா?" என்றார். "வேண்டாங்க" என்றேன்.

நீ பொறுப்பானவள், எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வாய் என்பதற்காக எழுதினேனா என்று கேட்பாய். கவனித்துக்கொள்ள உன் அண்ணன் இருக்கிறார். செய்தி கேட்டதும் அவர் படகு எத்தனை மணிக்கு, யாரிடம் விடுப்புச் சொல்வது என்று பார்க்கப் போவார். நீ ஒரு வேலையும் ஓடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுவாய். எனக்காக அப்படி அழ ஒரு ஆள் வேண்டும், சின்னு. அதற்கு எனக்கு உன்னைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

அண்ணி